தமிழ்நாட்டில் சிறுதொழில் தொடங்குவதற்கான சட்டப் பதிவுகள்: முகவரி முதல் முத்திரை வரை

கடைக்கு இடம் பார்த்து, முன்பணம் கொடுத்து, பெயர்ப்பலகைக்கும் சொல்லிவிட்ட பிறகுதான் பலர் என்னென்ன பதிவு செய்ய வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். கட்டட உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பதும், ஆசையாக வைத்த பெயரை வேறொருவர் ஏற்கெனவே வணிகச் சின்னமாகப் பதிந்திருப்பதும் அப்போதுதான் தெரியவருகின்றன. இப்பதிவுகளில் எதுவும் தனித்து நிற்பதில்லை. ஒன்றின் சான்றிதழ் அடுத்ததற்கு ஆவணமாகிறது; ஒன்றில் நேர்ந்த எழுத்துப் பிழை அடுத்தடுத்த எல்லாவற்றிலும் தொடர்கிறது. எனவே இந்த வழிகாட்டி, எவை தேவை என்பதைக் காட்டிலும் எந்த வரிசையில் தேவை என்பதற்கே கூடுதல் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் தொடங்கப்படும் கடை, சிறு உற்பத்திக் கூடம், சேவைத் தொழில் ஆகியவற்றை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பதிவு என்பது, இத்தொழில் நடக்கிறது என அரசுக்குத் தெரிவிப்பது. உரிமம் என்பது, இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என அரசு தரும் அனுமதி. சிறுதொழில் என மத்திய அரசிடம் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழும், சரக்கு மற்றும் சேவை வரிக்கான ஜிஎஸ்டி எண்ணும் முதல் வகையைச் சேர்ந்தவை. உள்ளாட்சியின் தொழில் உரிமமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் இரண்டாம் வகை. ஜிஎஸ்டி எண் கைக்கு வந்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று கடை திறப்பவர்கள், நகராட்சி ஆய்வாளர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் இந்த வேறுபாட்டை உணர்கிறார்கள்.

படி 1: பெயர்களைச் சரிபார்த்தல்

இங்கே இரண்டு பெயர்கள் உள்ளன: உங்கள் பெயர், தொழிலின் பெயர். உங்கள் பெயரில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் அதுவே பெரிய சிக்கல். நாம் தந்தை பெயரின் முன்னெழுத்தை மட்டும் இட்டு எழுதுகிறோம். பான் அட்டையோ முன்னெழுத்தை விரித்து முழுப் பெயராகக் கேட்கிறது. ஆதாரில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் முன்னெழுத்தே இருக்காது. உத்யம், ஜிஎஸ்டி ஆகிய இரண்டு தளங்களும் பான் தரவையும் ஆதார் தரவையும் வைத்தே உங்களை அடையாளம் காண்கின்றன. ஆகவே வேறு எந்த விண்ணப்பத்தையும் தொடும் முன், பான், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வாதவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆதாருடன் பான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், ஆதாரில் உள்ள கைபேசி எண் இன்றும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தொழிலின் பெயரைப் பொறுத்தவரை, இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பொருள்களும் சேவைகளும் அங்கே 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் வகுப்பில் அதே பெயரோ, ஒலியில் ஒத்த பெயரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்திருந்தால் எதிர்ப்புக்கு இடமுண்டு. நிறுவனமாகப் பதிய எண்ணுவோர் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும் தேட வேண்டும். நிறுவனப் பெயர் கிடைத்துவிட்டால் வணிகச் சின்ன உரிமையும் கிடைத்துவிட்டது என்று கருதுவது தவறு. அவை இரண்டும் தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருபவை.

படி 2: இடத்தின் ஆவணங்கள்

விண்ணப்பங்கள் தாமதமாவதற்கு முகவரிச் சான்றில் உள்ள குறையே பெரும்பாலும் காரணமாக அமைகிறது. சொந்த இடமானால் சொத்துவரி ரசீதும் மின் கட்டண ரசீதும் போதும். வாடகை இடமானால் அவற்றோடு வாடகை ஒப்பந்தமும் வேண்டும். தந்தை, மனைவி, சகோதரர் முதலியோரின் பெயரில் உள்ள இடமானால் அவர்களுடைய சம்மதக் கடிதமும், அவர்கள் பெயரிலான ரசீதும் வேண்டும். சொத்துவரி ரசீதில் ஒரு கதவு எண், மின் ரசீதில் பழைய கதவு எண், ஒப்பந்தத்தில் மூன்றாவதாக ஓர் எண் என்று இருப்பது நம் ஊர்களில் மிகச் சாதாரணம். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு அவை மூன்று வெவ்வேறு இடங்களாகவே தெரியும். பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், அது வாடகை அதிகார அமைப்பிடம் பதியப்பட வேண்டும் என்பதும் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதி. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஒப்பந்தத்தைப் பதிந்து தருவாரா? இந்த முகவரியில் ஜிஎஸ்டி பதிவுக்குச் சம்மதிப்பாரா? மின் இணைப்பையும் சொத்துவரியையும் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற ஒப்புக்கொள்வாரா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் பின்வாங்குவார்கள், ஏனெனில் இரண்டின் கட்டணமும் உயரும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுத்தால் மின்வாரியம் கண்டறியும் நாளில் அபராதம் விதிக்கும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது நல்லது.

படி 3: தொழிலின் சட்ட வடிவம்

தனி உரிமையாளர் தொழிலுக்கெனத் தனிச் சட்டமோ பதிவாளரோ கிடையாது. உங்கள் பான் எண்ணே தொழிலின் பான் எண். செலவு குறைவு, கணக்கு எளிது, முடிவெடுப்பதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலின் கடனும் உங்கள் கடனும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. கடை நொடித்தால் கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டையும் தொடலாம். முதலீடு சிறிது, கடன் சுமை குறைவு, ஒருவரே நடத்துகிறார் என்றால் இவ்வடிவத்தில் தொடங்கிவிட்டுப் பின்னர் மாறிக்கொள்வதில் தவறில்லை என்பதே என் கருத்து.

கூட்டாண்மை 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி அமைகிறது. குறைந்தது இருவர், அதிகபட்சம் 50 பேர் பங்காளிகளாகச் சேரலாம். பதிவு கட்டாயமில்லை என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டுப் பலரும் பதிவதில்லை. அச்சட்டத்தின் 69ஆம் பிரிவையும் அவர்கள் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்: பதியப்படாத கூட்டாண்மை, ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது, பங்காளி ஒருவர் மற்றவர் மீதோ நிறுவனத்தின் மீதோ ஒப்பந்த உரிமைக்காக வழக்குத் தொடுக்கவும் முடியாது. 100 ரூபாய்க்கு மிகாத தொகைக்கு விலக்கு உண்டு. சரக்கை வாங்கியவர் பணம் தராமல் கையை விரித்தால் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாத நிலை இது. வெளியாரோ உங்கள் மீது தாராளமாக வழக்குத் தொடுக்கலாம். தமிழ்நாட்டில் இப்பதிவைப் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம்.

கூட்டாண்மைப் பத்திரத்தை நகலகத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதிவிடுவதும் நம்மிடம் உள்ள வழக்கம். பத்திரம் எதைச் சொல்லாமல் விடுகிறதோ அதைச் சட்டம் தானாக நிரப்பிக்கொள்ளும். இலாபப் பங்கீடு பற்றி எழுதாவிட்டால், ஒருவர் 90 பங்கும் மற்றவர் 10 பங்கும் முதலிட்டிருந்தாலும் இலாபமும் நட்டமும் சமம். பங்காளி ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று எழுதாவிட்டால், அவர் இறந்த அன்றே கூட்டாண்மை கலைந்துவிடும். இவ்விரண்டையும், சம்பளம், விலகல், வங்கிக் கையொப்பம் ஆகியவற்றையும் விரிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுத வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவதே எளிது.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமையும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, பங்காளிகளின் சொந்தச் சொத்தைப் பொதுவாகக் காக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையோ பங்களிப்பு 25 லட்சம் ரூபாயையோ தாண்டினால்தான் அதற்குத் தணிக்கை கட்டாயம். ஆயினும் விற்பனையே இல்லாத ஆண்டிலும் படிவம் 11 (ஆண்டு அறிக்கை), படிவம் 8 (கணக்கு அறிக்கை) ஆகிய இரண்டையும் உரிய நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. குறைந்தது இரண்டு உறுப்பினர்கள், இரண்டு இயக்குநர்கள் வேண்டும். ஒருவரே தொடங்க விரும்பினால் ஒருநபர் நிறுவனம் என்ற வடிவம் உண்டு. குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி 2015ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஸ்பைஸ் பிளஸ் என்னும் ஒரே இணைய விண்ணப்பத்தின் வழியே பெயர் ஒதுக்கீடு, பதிவு, பான், டான் (வரிப் பிடித்தம் செய்வோருக்கான எண்) ஆகியவை கிடைக்கின்றன. தொடங்குவது இவ்வளவு எளிதாகிவிட்டதால் தேவையில்லாதவர்களும் நிறுவனம் தொடங்கிவிடுகிறார்கள். அதன் பின் 180 நாள்களுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பு, முதல் 30 நாள்களுக்குள் தணிக்கையாளர் நியமனம், ஆண்டுதோறும் தணிக்கை, பொதுக்கூட்டம், இரண்டு ஆண்டுப் படிவங்கள் எனக் கடமைகள் வரிசையாக வரும். ஆண்டுப் படிவத்தைத் தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். வெளி முதலீடு தேடுவோருக்கும், பெரிய ஒப்பந்தப் புள்ளிகளில் பங்கேற்போருக்கும் இச்சுமை பொருத்தமானது; தெருமுனைக் கடைக்கு அன்று.

படி 4: உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு, வணிகச் சின்னம்

2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் அடையாளம். இதற்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது; ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை; புதுப்பிக்கவும் தேவையில்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துச் சான்றிதழுக்குக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடுபொறியில் முதலில் வந்து நிற்கின்றன. பணம் கேட்கும் பக்கம் எதுவோ அது அரசுப் பக்கமன்று என்று அறிந்துகொண்டு வெளியேறிவிடுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாதவை குறுந்தொழில்கள். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மிகாதவை சிறுதொழில்கள். இவ்விரண்டு அளவுகளில் எந்த ஒன்றைத் தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடும். நிலமும் கட்டடமும் முதலீட்டில் சேரா. ஏற்றுமதி, விற்றுமுதலில் சேராது. விண்ணப்பத்தில் தனி உரிமையாளரானால் அவருடைய ஆதார், கூட்டாண்மையானால் நிர்வாகப் பங்காளியின் ஆதார் தரப்பட வேண்டும். தொழில் வகைக்கான குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது சற்று நின்று யோசிக்க வேண்டும். தைத்து விற்பவர் உற்பத்தியாளர். வாங்கி விற்பவர் வணிகர். வணிகருக்கும் உத்யம் கிடைக்கும், ஆனால் வங்கிகள் முன்னுரிமை தந்து கடன் வழங்க வேண்டிய பிரிவில் சேரும் பயனே அவருக்கு முதன்மையாக உரியது.

உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் உத்யம் தரும் பாதுகாப்பு பலருக்குத் தெரிவதில்லை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறுதொழிலிடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மிகாமலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். உரிய நாளுக்குள் தராத தொகையை வாங்கியவர் அவ்வாண்டின் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். முதல் சரக்கு போவதற்கு முன்பே பதிந்திருந்தால்தான் இப்பாதுகாப்பில் சந்தேகத்துக்கு இடமிராது.

தனி உரிமையாளர் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க, தொழில் நடப்பதற்கான இரண்டு சான்றுகளை வங்கி பொதுவாகக் கேட்கும். உத்யம் சான்றிதழ் ஒன்று. உள்ளாட்சி உரிமம் அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ் மற்றொன்று. சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே கடை வரவுகளை வாங்கிக்கொண்டிருந்தால் ஆண்டு முடிவில் எது விற்பனை, எது மைத்துனர் திருப்பித் தந்த கடன் என்று பிரிப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

வணிகச் சின்ன விண்ணப்பத்தையும் உத்யமுக்குப் பிறகு செய்வதே சிக்கனம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணைய விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். கூட்டாண்மையோ நிறுவனமோ சலுகைக் கட்டணத்தைப் பெற உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். விண்ணப்பம் வணிகச் சின்னப் பதிவகத்தின் இதழில் வெளியான பின் நான்கு மாதங்கள் எதிர்ப்புக்கான காலம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவு கிடைக்கும் முன்னரே, பதியப்பட்ட சின்னம் என்று பெட்டியில் அச்சிடுவது அபராதத்துக்குரிய செயல்.

மாவட்டத் தொழில் மையத்தின் மானியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியவை. கடன் ஒப்புதலுக்கு முன்பே இயந்திரம் வாங்கித் தொழிலைத் தொடங்கிவிட்டால் தகுதி போய்விடும். அவர்கள் இந்த வரிசையைத் தொடரும் முன் மையத்தின் மேலாளரைச் சந்தித்துவிட வேண்டும்.

படி 5: ஜிஎஸ்டி

பொருள் மட்டும் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை தருவோருக்கு 20 லட்சம் ரூபாயையும் தாண்டும்போது தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். பக்கத்திலுள்ள புதுச்சேரியில் பொருளுக்கும் 20 லட்சமே வரம்பு என்பதை எல்லையோர வணிகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இது ஒரு கடையின் விற்றுமுதலன்று. ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடக்கும் எல்லாத் தொழில்களின் கூட்டுத் தொகை. வரிவிலக்குப் பெற்ற பொருள்களின் விற்பனையும் இதில் சேரும். வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வரம்புக்குக் கீழே இருந்தாலும் சிலருக்கு விலக்கில்லை. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிய வேண்டும். கைவினைப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தளர்வு உண்டு. இணைய வணிகத் தளங்களில் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வணிகர்கள், 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருக்கும்வரை முழுப் பதிவின்றிச் சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம்.

வரம்பைத் தொடாதவர் தாமாக முன்வந்து பதியலாமா? வாங்குபவர்கள் நிறுவனங்களாக இருந்தால் பதிவதே நல்லது, ஏனெனில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காத இடத்தில் அவர்கள் வாங்கத் தயங்குவார்கள். வாங்குபவர்கள் பொதுமக்களாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பதிந்த நாளிலிருந்து வரி வசூலிக்க வேண்டும். விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆதார் சரிபார்ப்பு முடிந்து ஐயம் எதுவும் எழாவிட்டால் 7 வேலை நாள்களில் எண் கிடைக்கும். சிலரை விரல்ரேகைப் பதிவுக்காகச் சேவை மையத்துக்கு நேரில் அழைப்பார்கள். அதிகாரி விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பினால் 7 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் தராததாலேயே தள்ளுபடியான விண்ணப்பங்கள் ஏராளம். மின்னஞ்சலை முகவரின் பெயரில் தராமல் உங்கள் பெயரிலேயே தருவதற்கு இதுவே காரணமாகப் போதும். கிடைக்கும் எண்ணில் 15 இடங்கள் உண்டு: தமிழ்நாட்டின் குறியீடான 33, அடுத்துப் பத்து இடங்களில் உங்கள் பான், பின்னர் மூன்று குறிகள். சான்றிதழைக் கடையில் மாட்டிவைப்பதும், பெயர்ப்பலகையில் எண்ணை எழுதுவதும் விதிப்படி கட்டாயம்.

விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்கு மிகாத வணிகரும் உற்பத்தியாளரும் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து விற்றுமுதலில் 1 சதவீதமும், உணவகத்தார் 5 சதவீதமும் கட்டலாம். சேவைத் தொழிலாருக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம். எளிமைதான், ஆனால் வாடிக்கையாளரிடம் வரியாக ஒரு பைசாவும் வாங்கக் கூடாது, உள்ளீட்டு வரி வரவு கிடையாது, வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்கவும் முடியாது.

படி 6: உள்ளாட்சியின் தொழில் உரிமமும் தொழில் வரியும்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் தொழில் உரிமம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. ஊராட்சிப் பகுதிகளுக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். சொத்துவரி நிலுவை இருந்தால் விண்ணப்பம் நகராது. வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் பழைய பாக்கிக்காகக் காத்துக்கிடக்க நேர்வது இங்கேதான். உரிமத்தைக் காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும்.

தொழில் வரி என்பது வேறு. பெயர் ஒற்றுமையால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டும் வரி. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது. பணியாளர்களின் தொழில் வரியைச் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

படி 7: தொழிலுக்கே உரிய அனுமதிகள்

உணவுப் பொருளைச் சமைப்பவர், பொட்டலமிடுபவர், விற்பவர், ஏற்றிச் செல்பவர் ஆகிய எல்லோருக்கும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பொருந்தும். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவரும், ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவரும் இதில் அடங்குவர். விற்றுமுதலைப் பொறுத்துப் பதிவு, மாநில உரிமம், மத்திய உரிமம் என மூன்று நிலைகள். விண்ணப்பம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் போஸ்காஸ் என்னும் இணையதளத்தில். கிடைக்கும் 14 இலக்க எண் பொட்டலத்திலும், விலைப்பட்டியலிலும் இடம்பெற வேண்டும்.

எடை போட்டு விற்பவருக்குத் தராசில் முத்திரை வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், எடைக்கற்களுக்கும் விட்டத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை இட வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. முத்திரை ஆய்வாளர் என்று சொன்னால் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். பொருளை முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்பவர், 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரிப்பாளரின் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை, புகார் தெரிவிப்பதற்கான தொடர்பு ஆகியவற்றை அச்சிட வேண்டும்; பொட்டலமிடத் தொடங்கிய 90 நாள்களுக்குள் பதிவும் செய்ய வேண்டும். பத்தாயிரம் உறைகளை அச்சிட்ட பிறகு ஒரு வரி விடுபட்டதைக் கண்டுபிடிப்பதைவிட, அச்சகத்துக்குப் போகும் முன் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிடலாம்.

உற்பத்திக் கூடமானால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும். வெள்ளை வகையில் வரும் தொழில்களுக்கு இசைவாணை தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு வகைகளுக்கு நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு மற்றொன்று. முதலாவதைப் பெறாமல் இயந்திரம் இறக்கக் கூடாது.

படி 8: ஆள் வைக்கும்போது

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய கையேடுகளில் காணும் சட்டப் பெயர்கள் பலவும் அன்றோடு மாறிவிட்டன. மின்விசையுடன் 20 பேர், மின்விசையின்றி 40 பேர் என்பதே இப்போது தொழிற்சாலைக்கான வரையறை. ஒவ்வொரு பணியாளருக்கும் பணிநியமனக் கடிதம் தர வேண்டும். 10 பேர் சேர்ந்தால் தொழிலாளர் அரசுக் காப்பீடும், 20 பேர் சேர்ந்தால் வருங்கால வைப்பு நிதியும் பொருந்தும். 10 பேர் உள்ள இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழு அமைப்பதும் கட்டாயம்.

கடைகளுக்குத் தனியே 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உண்டு. நெடுங்காலம் அதில் பதிவு என்பதே இல்லை. 2024 ஜூலை முதல் 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ளவை தொழிலாளர் துறையில் பதிய வேண்டும். ஒருவரே வேலை செய்தாலும் பொருந்தும் கடமைகளும் அச்சட்டத்தில் உள்ளன. வார விடுமுறை அவற்றுள் ஒன்று. நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொன்று. பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதிகளில் உள்ளதே: தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவில் இடம் ஒதுக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மறுபடி எழுதும் செலவு மிச்சமாகும்.

படி 9: கோப்பும் நாள்காட்டியும்

எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே கோப்பில் வைத்து, முதல் பக்கத்தில் ஒவ்வொன்றின் எண், பயனர் பெயர், பதிந்த கைபேசி எண், காலாவதி நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். முகவரை வைத்துச் செய்திருந்தாலும் கடவுச்சொற்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். முகவரோடு மனத்தாங்கல் ஏற்பட்டபின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுவது, புதிய பதிவு வாங்குவதைவிடக் கடினம். கடை இடம் மாறினாலோ பங்காளி விலகினாலோ உத்யம், ஜிஎஸ்டி, வங்கி, உள்ளாட்சி ஆகிய நான்கிலும் திருத்தம் செய்ய வேண்டும். ஜிஎஸ்டியில் இதற்கு 15 நாள்களே கெடு.

தொழிலை நிறுத்த நேர்ந்தால், கதவைப் பூட்டிவிட்டுப் போவதால் பதிவு முடிவதில்லை. ஜிஎஸ்டி பதிவை நீக்குவதற்கு 30 நாள்களுக்குள் விண்ணப்பித்து, நீக்கம் நடந்த பின் மூன்று மாதங்களுக்குள் இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். கையிருப்பில் உள்ள சரக்குக்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வரவை அப்போது திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்பதால், நிறுத்துவதென்று முடிவெடுத்தவர்கள் சரக்கை விற்றுத் தீர்த்த பிறகு விண்ணப்பிப்பது வழக்கம்.